உள்ளேன் ஐயா! – கெர்னல் எடுக்கும் வருகைப்பதிவு

பரீட்சைக்கு நடுவுல ஒரு பதிவு. படிக்கிற பாடத்தையே பதிவாப் போட்டா படிச்ச மாதிரியும் ஆச்சு, எழுதின மாதிரியும் ஆச்சு :)

புதுசா ஒரு மவுஸ் வாங்கி கம்ப்யூட்டர்ல சொருகுறோம். ரெண்டு நொடியில திரையில அம்பு நகருது. "நான் மவுஸ் மாட்டியிருக்கேன்"னு நாம யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் எப்படி அது கண்டுபிடிச்சுது?

உண்மையில அது கண்டுபிடிக்கல. கெர்னல் "யாருப்பா நீ?"ன்னு கேட்டுச்சு, மவுஸ் தன் பேரைச் சொல்லுச்சு. அவ்வளவுதான். (கெர்னல்னா இயங்குதளத்தோட மையப்பகுதி. வன்பொருளோட நேரடியாப் பேசுறது அதுதான்.) பள்ளிக்கூடத்துல வாத்தியார் பேர் கூப்பிட, "உள்ளேன் ஐயா"ன்னு நாம கத்துவோமே, அதே சமாச்சாரம். ஆனா இந்தப் பழக்கம் லேசுல வரல. வந்த வழியில நான் இப்போ படிச்சுக்கிட்டிருக்கிற இந்த வளைகுடாப் பக்கத்துக்கும் ஒரு சின்ன இடம் உண்டு.

1970கள்ல இருந்து ஆரம்பிப்போம். அப்போ யூனிக்ஸ் ஓட்டணும்னா ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியா ஒரு கெர்னல் தயார் பண்ணணும். என்ன டிஸ்க், எத்தனை டெர்மினல், எது எந்த முகவரியில இருக்குன்னு ஒரு கோப்புல எழுதி, கம்பைல் பண்ணி, மறுபடி பூட் பண்ணணும். புதுசா ஒரு டிஸ்க் வாங்கினா திரும்ப முதல்லேருந்து. பக்கத்து ரூம்ல இருக்கிற அதே மாதிரி மெஷினுக்கு இந்தக் கெர்னலைத் தூக்கிட்டுப் போனா அங்க வேலை செய்யும்கிற உத்தரவாதம் கிடையாது.

இதை மாத்தினவர்கள்ல முக்கியமானவர் ராபர்ட் எல்ஸ். மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்காரர். அவர் எழுதின தானியங்கி அமைப்பு நிரலைச் சேர்த்துத்தான் பெர்க்லி ஆளுங்க 1981 ஜூன்ல 4.1 பிஎஸ்டி வெளியிட்டாங்க. பூட் ஆகும்போது கெர்னல், தனக்குத் தெரிஞ்ச முகவரி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்க்கும். அங்க ஏதாவது இருந்தா, அதைச் சீண்டி ஒரு இன்டரப்ட் குடுக்க வைக்கும். எந்த வழியா அந்த இன்டரப்ட் வருதுன்னு பார்த்து குறிச்சு வெச்சுக்கும். இருட்டு ரூம்ல கையால தடவிப் பார்த்து "இது கட்டில், இது மேசை"ன்னு தெரிஞ்சுக்கிற மாதிரி.

கவனிங்க, இங்க வன்பொருள் வாயைத் திறக்கல. கெர்னல்தான் ஊகிக்குது.

அதே 1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் பிசி வந்துச்சு. அதுல மதர்போர்டு மேலேயே குட்டிக் குட்டி டிப் சுவிட்ச். எவ்வளவு மெமரி, எத்தனை ஃபிளாப்பி, எந்த மாதிரி திரைன்னு மனுஷன்தான் சுவிட்சைத் தள்ளிச் சொல்லணும். அப்புறம் சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டுன்னு வந்தப்போ ஜம்பர். ரெண்டு கார்டுக்கும் ஒரே இன்டரப்ட் எண்ணை வெச்சுட்டா ரெண்டும் மக்கர் பண்ணும். சீனியர் பதிவர்கள் பாதி பேருக்கு இப்போ கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருக்கும் :)

இந்த இடத்துலதான் குவைத் வருது.

1982ல குவைத்ல முகம்மது அல்-ஷாரிக் 'சக்ர்' கம்பெனியைத் தொடங்கினார். தாய்க் கம்பெனி பேரு அல்-அலமியா. வீட்டுப் பிள்ளைங்க அரபியிலேயே கம்ப்யூட்டர் பழகணும்கிறதுதான் எண்ணம். ஜப்பான் கம்பெனிகள் செஞ்ச எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு அரபி சேர்த்து, சக்ர்ங்கிற பேர்ல வித்தாங்க. எம்எஸ்எக்ஸ்ங்கிறது 1983ல அறிவிக்கப்பட்ட ஒரு பொதுத் தரம். ஜப்பானோட ஆஸ்கி கம்பெனியில இருந்த கசுஹிகோ நிஷியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தது. யார் செஞ்ச எம்எஸ்எக்ஸ் மெஷினா இருந்தாலும் ஒரே கார்ட்ரிட்ஜ் ஓடணும்கிறது நோக்கம்.

அதை எப்படிச் சாதிச்சாங்க? மெஷினை ஆன் பண்ணினதும் பயாஸ் ஒவ்வொரு ஸ்லாட்டா எட்டிப் பார்க்கும். அடிப்படையில நாலு ஸ்லாட். ஒவ்வொண்ணையும் நாலாப் பிரிச்சா மொத்தம் 16. கார்ட்ரிட்ஜ் ரோமோட தொடக்கத்துல ஆங்கில எழுத்து 'ஏ', 'பி' ரெண்டும் இருக்கான்னு பார்க்கும். இருந்தா, பக்கத்துலயே "என்னை இந்த முகவரியில தொடங்கு"ன்னு எழுதியிருக்கும். பயாஸ் அங்க தாவும். அந்த கார்ட்ரிட்ஜ் தன்னைத் தானே தயார் பண்ணிக்கிட்டு திரும்பி வரும். டிஸ்க் டிரைவ் மாட்டினாக்கூட அதுக்கான டிரைவர் அதோட இணைப்பு ரோம்லயே இருக்கும். தனியா எதையும் நிறுவ வேண்டாம், ஜம்பர் வேண்டாம்.

இதைக் கெர்னல்னு சொன்னா எங்க வாத்தியார் அடிக்க வருவார். பயாஸும் பேசிக்கும் சேர்ந்து மொத்தமே 32 கிலோபைட்தான். ஆனா முக்கியமான விஷயம் அதுல இருக்கு: கார்ட்ரிட்ஜ் தானே "உள்ளேன் ஐயா" சொல்லுது. அதனாலதான் 1980கள்ல ஒரு வளைகுடா வீட்டு ஹால்ல, பக்கத்துல இன்ஜினியர் யாரும் இல்லாமலே, ஒரு பத்து வயசுப் பையன் சொருகி ஓட்ட முடிஞ்சுது. 1990 ஆகஸ்ட்ல ஈராக் படை குவைத்துக்குள்ள நுழைஞ்ச பிறகு சக்ரோட வேலை கெய்ரோவுக்கு மாறுச்சு. பின்னாடி அரபி மென்பொருள்தான் அவங்க அடையாளமா ஆச்சு.

பிசி உலகம் இந்தப் பாடத்தைப் படிக்க இன்னும் பத்து வருஷம் எடுத்துக்கிச்சு. 1991 செப்டம்பர்ல லினஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01ல ஹார்டு டிஸ்க் விவரமே நிரலுக்குள்ள எழுதி வெச்சிருந்தார். அவரோட டிஸ்க்! உங்க டிஸ்க் வேறன்னா நீங்க திருத்தி கம்பைல் பண்ணிக்கணும். அப்புறம் லினக்ஸும் தடவிப் பார்க்க ஆரம்பிச்சுது. அதுல ஒரு ஆபத்து: நெட்வொர்க் கார்டு இருக்கான்னு பார்க்க ஒரு முகவரியைத் தொட, அங்க வேற ஏதோ கார்டு இருந்து, மொத்த மெஷினும் உறைஞ்சு போகும். "இந்த முகவரியைத் தொடாதே"ன்னு கெர்னலுக்குச் சொல்றதுக்குன்னே பூட் நேரத்துல குடுக்கிற ஒரு கட்டளை இருந்துச்சுன்னா பார்த்துக்குங்க.

தீர்வு மென்பொருள்ல இருந்து வரல, வன்பொருள்ல இருந்து வந்துச்சு. 1992ல இன்டெல் பிசிஐ கொண்டுவந்துச்சு. ஒவ்வொரு கார்டுலயும் 256 பைட் அடையாள அட்டை. முதல்ல செஞ்ச கம்பெனியோட எண், அடுத்து பொருளோட எண். இன்டெலோட எண் 8086. தங்கள் பழைய சிப் பேரையே எடுத்துக்கிட்டாங்க, குசும்பு! ஸ்லாட் காலியா இருந்தா எல்லா பிட்டும் ஒண்ணா வரும், அதாவது 'ஆப்சென்ட்'. 1996ல யுஎஸ்பி வந்து இதே ஒழுங்கை வெளியில சொருகுற பொருளுக்கும் கொண்டுபோச்சு. 1998 ஏப்ரல்ல பில் கேட்ஸ் மேடையில விண்டோஸ் 98 காட்டும்போது ஸ்கேனரைச் சொருகின உடனே நீலத்திரை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். பேர் சொல்றது ஒரு பக்கம், கேட்டுக்கிட்டு ஒழுங்கா நடந்துக்கிறது இன்னொரு பக்கம்.

லினக்ஸ் டிரைவர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் "நான் இந்தந்த எண்ணுக்கு வேலை செய்வேன்"னு ஒரு பட்டியல் இருக்கும். பொருள் எண்ணைச் சொல்லும், பட்டியல்ல தேடி சரியான டிரைவர் ஏறிக்கும். 2000ல கிளாஸ் க்நாப்பர் வெளியிட்ட க்நாப்பிக்ஸ் சிடியை எந்த பிசியில போட்டாலும் ஓடினது இந்த மாதிரி எண்ணைக் கேட்டுத்தான். 2009ல லினக்ஸ் 2.6.32ல ஸ்டீவன் ராஸ்டெட் எழுதின 'லோக்கல்மாட்கான்ஃபிக்' வந்தப்போ சக்கரம் முழுசா சுத்திடுச்சு. இப்போ ஓடிட்டிருக்கிற டிரைவர்களை மட்டும் பார்த்து, உங்க மெஷினுக்கு அளவெடுத்துத் தைச்ச கெர்னலைத் தயார் பண்ண உதவும். எல்ஸ் காலத்துல கையால எழுதின கோப்பை இப்போ மெஷினே எழுதுது.

இனிமே சுபம்னு போடலாம்னு நினைச்சா, வந்துச்சு மொபைல்.

மொபைல்ல இருக்கிற ஏஆர்எம் சிப்புக்குள்ள பல பாகங்கள் பேரே சொல்லாது. திரை, கேமரா, பேட்டரி எது எங்க இருக்குன்னு யாராவது எழுதித்தான் தரணும். 2011 வாக்குல ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி நிரல் குவிஞ்சு லினஸ் கடுப்பானார். அதுக்கப்புறம் 'டிவைஸ் ட்ரீ'ங்கிற வழி ஏஆர்எம்முக்கும் வந்துச்சு. ஒரு கோப்புல வன்பொருள் பட்டியல், கெர்னல் அதைப் படிச்சுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்தப் பட்டியலை மனுஷன் எழுதணும். பிள்ளை பதில் சொல்லல, வாத்தியார் கையில யாரோ எழுதிக் குடுத்த சீட்டு இருக்கு.

இதனால நமக்கென்னன்னு கேக்குறீங்களா? எங்க ஷார்ஜா ரூம்ல ரெண்டு பொருள் இருக்கு. ஒண்ணு, பழைய சாமான் கடையில வாங்கின 64-பிட் டெஸ்க்டாப். பதினைஞ்சு வருஷத்துக்கு மேல வயசு. இன்னைய லினக்ஸை யுஎஸ்பியில போட்டு சொருகினா எழுந்து உக்காருது, சவுண்ட் உட்பட. இன்னொண்ணு, டிராயர்ல நாலு பழைய போன். டெஸ்க்டாப்பை விட வேகமான சிப், வயசு பாதிகூட இல்ல. ஆனா கம்பெனி அப்டேட்டை நிறுத்தினதும் அதோட கதை முடிஞ்சுது. வேற இயங்குதளம் போடலாம்னா, அந்தந்த மாடலுக்குன்னு யாராவது உக்காந்து பட்டியல் எழுதி, டிரைவரும் தேடியிருக்கணும். 2017ல தொடங்கின போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆளுங்க இந்த வேலையைத்தான் மாடல் மாடலாப் பண்றாங்க. மாடலோ ஆயிரக்கணக்குல.

இங்க வேலை பாக்குற நம்ம ஆளுங்க ரெண்டு மாசச் சேமிப்புல வாங்குற போன் அது. ஊருக்குப் போகும்போது தம்பிக்கோ அம்மாவுக்கோ குடுத்துட்டு வருவாங்க. கம்ப்யூட்டர் மாதிரி அதுவும் தன் பேரைத் தானே சொல்லியிருந்தா, கம்பெனி கைவிட்டாலும் நாம கைவிட வேண்டியதில்ல. குவைத்ல கார்ட்ரிட்ஜ் சொருகின பையனுக்கு 1980கள்லயே கிடைச்ச வசதி இது. தொழில்நுட்பம் இல்லாம இல்ல, பேர் சொல்ல வைக்கிறதுக்கு கம்பெனிகளுக்குள்ள உடன்பாடுதான் இல்ல.

சரி, எனக்கு நாளைக்கு எட்டு மணிக்குப் பரீட்சை. உங்கள்ல யாராவது அமீரகத்துலயோ குவைத்துலயோ சக்ர் மெஷினைக் கண்ணால பார்த்திருக்கீங்களா? இல்ல ஜம்பரைத் தொலைச்சுட்டு தரையில தேடின அனுபவம் உண்டா? பின்னூட்டத்துல "உள்ளேன் ஐயா" மட்டும் போட்டுட்டு ஓடிடாம, கதையையும் சொல்லிட்டுப் போங்க :)