வள்ளத்து எஞ்சினும் ஆயில் அளவும்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேருகிறது. அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பாய் விரித்து ஓடிய வள்ளங்களுக்கு எஞ்சின் வந்தது நம் காலத்தில்தான். வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சினை அவுட்போர்டு என்பார்கள். அதில் பழையவை பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 வண்டிக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து போட்டவர்களுக்கு இதன் அடிப்படை புரியும்.

ஏன் கலக்க வேண்டும்? இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் காரணம். அதில் கிராங்க் அறையே எரிபொருளையும் காற்றையும் இழுத்து மேலே தள்ளும். கார் எஞ்சினைப் போல அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. எரிபொருளோடு வரும் ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழுவழுப்புத் தந்துவிட்டு எரிந்து போகும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சினுக்கும் இதே கதைதான்.

ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. முழு வேகத்துக்கு அது சரி. வலை இழுக்கும்போது மெல்ல ஓடும் எஞ்சினுக்கு அது அதிகம். புகை கிளம்பும், பிளக் அடைக்கும். ஆயில் குறைந்தாலோ நடுக்கடலில் பிஸ்டன் இறுகி நின்றுவிடும்.

இதற்கு வழியாக, 1964-இல் யமஹா தன் மோட்டார் சைக்கிளில் ஆயிலுக்குத் தனி டாங்கியும் பம்பும் வைத்தது. 1980-களில் அந்த முறை பெரிய அவுட்போர்டுகளுக்கும் பரவியது. பல எஞ்சின்களில் கிராங்க் சுழலும் வேகமும் ஆக்சிலரேட்டரின் திறப்பும் சேர்ந்து பம்பின் அளவைத் தீர்மானிக்கும். மெல்ல ஓடும்போது நூறுக்கு ஒன்று, அதற்கும் குறைவாகக்கூட; முழு வேகத்தில் ஐம்பதுக்கு ஒன்று.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆயில் தீர்ந்தாலும் குழாயில் காற்று புகுந்தாலும் பெட்ரோல் நிற்காமல் வரும். எஞ்சின் காய்ந்தபடி ஓடும். அதற்காகத்தான் எச்சரிக்கை மணி வைத்தார்கள். அப்படியும் நம்பாமல், பம்பைக் கழற்றிவிட்டுக் கையால் கலக்கத் திரும்பியவர்கள் உண்டு.

சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் இன்றும் கைக்கலப்புதான். பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் எரிபொருளில் கால் பங்கு வரைகூட எரியாமல் புகையோடு வெளியேறும். அந்தப் புகைவாய் தண்ணீருக்குள் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்களே, அந்த மன்னார் வளைகுடாதான் இது. கண்ணளவில் ஊற்றும் ஆயிலில் மிஞ்சுவது மீன் குஞ்சு வளரும் நீருக்கே போகிறது. கையேடு சொல்லும் அளவை அளவுக் குப்பியில் பார்த்து ஊற்றினால் எஞ்சினும் பிழைக்கும், கடலுக்கும் நல்லது.