பித்தளை தேய்த்த பாசி

பித்தளை விளக்கைத் துலக்க உட்கார்ந்தா எனக்கு எரென்பெர்க் ஞாபகம் வந்துடும். யாருன்னு கேட்கறீங்களா? 1836-ல பிலின் ஊர்க் கல்லை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்த பெர்லின்காரர். பிலின் அப்போ பொஹீமியா, இன்னிக்கு செக் நாடு. அந்தக் கல்லைப் பொடியாக்கித்தான் பட்டறைகள்ல உலோகத்துக்கு மெருகு போட்டாங்க. அவருக்குத் துப்புக் கொடுத்தது பிஷர்னு ஒரு பீங்கான் ஆலைக்காரர். (அவர் பேரை யாரும் சொல்றதில்லை, பாவம்.)

பார்த்தா, பொடி முழுக்க டயாட்டம் பாசியோட சிலிக்கா ஓடுகள்! கன அங்குலத்துக்கு 4,100 கோடின்னு கணக்குப் போட்டார். சிலிக்கா பித்தளையைவிடக் கடினம், அதனால உலோகத்தைச் சுரண்டும். ஆனா ஓடு உள்ளே வெற்றிடம். அழுத்தினா நொறுங்கிடும், ஆழமா கீறல் விழாது. பளபளப்போட ரகசியம் அவ்வளவுதான்.

ஆனா மனுஷர் இதையெல்லாம் பாசின்னு ஒத்துக்கலை. வயிறெல்லாம் உள்ள பிராணிகள்னு ஒரே பிடிவாதம்! பிரான்சின் துஜார்தான் மறுத்தும் அசையலை. எண்ணினது சரி, பேர் வச்சதுதான் தப்பு.

2007-ல அமெரிக்காவுல சாண்டேஜ் குழு இதே ஓட்டை 650 டிகிரியில மக்னீசிய ஆவியில வேக வச்சது. உண்டான மக்னீசிய ஆக்சைடை அமிலத்துல கரைச்சு எடுத்தா மிச்சம் சிலிக்கான், ஓட்டோட நுண்ணிய துளைகள் உட்பட, அதே வடிவத்துல.