லிஸ்பன் மாநகரம்: கடல் தந்ததும் கடல் கொண்டதும்

கடற்கரையிலே தலைநகரை அமைத்துக்கொண்ட நாடுகள் பல. அவற்றுள், கடலாற் பெற்ற வாழ்வையும் கடலால் உற்ற அழிவையும் ஒருங்கே காட்டி நிற்பது போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன். ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடியில், தேஜோ ஆறு அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சென்றடையும் முகத்துவாரத்தை அடுத்து, குன்றுகளின் மேல் அந்நகர் அமைந்திருக்கிறது. அதன் இளவெயிலையும் கடற்காற்றையும் பழைய வீதிகளையும் நாடி ஆண்டுதோறும் உல்லாசப் பயணிகள் இலட்சக்கணக்கில் வருகின்றனர். இலங்கையிலிருந்து செல்லும் தமிழ்ப் பயணிக்கோ அங்கே காண்பதற்கு மற்றுமொன்று உண்டு. நானூறு ஆண்டுகளின் முன் தம் நாட்டின் விதியை மாற்றிய கப்பல்கள் எத்துறையிலிருந்து பாய் விரித்தனவோ, அத்துறையிலேயே அவர் நிற்கப் போகிறார்.

நகரைப் பார்க்கத் தொடங்குவோர் முதலில் ஏறுவது சென் ஜோர்ஜ் கோட்டை நிற்கும் குன்றின் மேல். இருபத்தெட்டாம் இலக்கத் திராம் வண்டி, கை நீட்டினால் சுவரைத் தொடலாம் போன்ற ஒடுங்கிய தெருக்களில் வளைந்து வளைந்து ஏறிச் செல்கிறது. கோட்டை மதிலில் நின்று நோக்கினால், செவ்வோட்டுக் கூரைகள் படிப்படியாக இறங்கிச் சென்று ஆற்றங்கரையில் முடிவதைக் காணலாம். ஆறோ அவ்விடத்தில் மறுகரை மங்கலாகத் தோன்றுமளவுக்கு அகன்று கிடக்கிறது. அந்நீர்ப்பரப்புக்கு ஊரார் இட்ட பெயர் 'வைக்கோற் கடல்' என்பதாகும்.

இக்குன்றில் மனிதர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. பினீசிய வணிகர் இத்துறையை அறிந்திருந்தனர். உரோமர் இதனை ஒலிசிப்போ என அழைத்தனர். அவர்கள் கட்டிய அரங்கின் இடிபாடுகள் குன்றுச் சரிவில் இன்றும் உள்ளன. பின்னர் முஸ்லிம் மன்னர் ஆட்சி நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. கோட்டையின் கீழுள்ள அல்பாமா என்னும் பழம்பகுதியின் பெயர், நீரூற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1147ஆம் ஆண்டில், பலஸ்தீனத்துக்குச் செல்லும் வழியில் வந்த சிலுவைப் போர்வீரரின் துணையோடு, அபொன்சோ என்றிக் மன்னன் சில மாத முற்றுகையின் பின் நகரைக் கைப்பற்றினான். அடுத்த நூற்றாண்டில் அது நாட்டின் தலைநகராயிற்று.

குன்றிலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தால் பரந்ததொரு சதுக்கம் எதிர்ப்படும். மூன்று புறமும் மஞ்சள் நிற மாளிகைகள். நாலாம் புறம் ஆறு. இரு தூண்களுக்கு இடையே சலவைக்கற் படிகள் நீருக்குள் இறங்குகின்றன. 'வர்த்தகச் சதுக்கம்' என்பது இதன் முறையான பெயர். நகரமக்கள் இன்றும் 'அரண்மனை முற்றம்' என்றே சொல்கின்றனர். ஆனால் அங்கே அரண்மனை இல்லை. இல்லாத அரண்மனையின் பெயர் ஏன் நிலைத்தது என்ற வினாவே லிஸ்பன் வரலாற்றின் நடுப்பகுதிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

வாஸ்கோ ட காமா 1497ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதத்தில் கோழிக்கோட்டை அடைந்தார். அதன்பின் மானுவல் மன்னன் குன்றின்மேலிருந்த தன் வாசத்தை விட்டு, கப்பல்கள் வந்து நிற்கும் இவ்வாற்றங்கரையிலேயே புதிய அரண்மனை எழுப்பினான். அரண்மனையை ஒட்டியே 'இந்தியா மனை' என்ற வாணிப நிலையம் இருந்தது. கீழைத்தேசத்து மிளகும் கறுவாவும் வந்திறங்கிக் கணக்கெழுதப்பட்டது அங்கேதான். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்களும் இந்நகரில் பெருந்தொகையாக விற்கப்பட்டனர். நகரின் செல்வத்தைப் பேசும்போது இதனையும் மறத்தல் ஆகாது.

இலங்கையின் கதை இம்முற்றத்தோடு பிணைந்தது. 1505ஆம் ஆண்டளவில் லொரென்சோ த அல்மெய்டாவின் கப்பல்கள் இலங்கைக் கரையை அடைந்தன. கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனுக்கு அரசுரிமையை உறுதிசெய்ய விரும்பி, தூதுக் குழுவொன்றைப் போர்த்துக்கேய அரசவைக்கு அனுப்பினான். குழந்தையின் உருவச்சிலை ஒன்றும் கூடவே சென்றது. 1543ஆம் ஆண்டில் மூன்றாம் ஜோவான் மன்னன் அச்சிலையின் தலையில் முடி சூட்டினான். கடல் கடந்த மன்னன் ஒருவன் சிலைக்குச் சூட்டிய முடி, நாளடைவில் நாட்டின் கழுத்தில் இட்ட கயிறாயிற்று. தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னனுக்கே உரிமைச் சாசனமாக எழுதிவைத்து 1597இல் இறந்தான். வடக்கே யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டில் பிலிப் த ஒலிவேராவின் படைக்கு வீழ்ந்தது. சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். இரண்டாண்டின் பின் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தகர்க்கப்பட்டது.

இவ்வாறு பிறர் நகரங்களின் அழிவுக்குக் காரணமான தலைநகருக்கும் ஒருநாள் வந்தது. அது 1755ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி கழிந்த நேரம். கோயில்களிலே மக்கள் நிறைந்திருந்தனர். பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. அப்பொழுது கடலடியில் எழுந்த பேரதிர்ச்சி நகரைக் குலுக்கிற்று. கோபுரங்களும் கூரைகளும் வழிபட்டு நின்றோர் மேலேயே சரிந்தன. தப்பியவர்கள் இடிபாடுகளுக்கு அஞ்சி, வெளியாகக் கிடந்த ஆற்றங்கரையை நோக்கி ஓடினர். ஆற்றுநீர் பின்வாங்கி அடித்தரையைக் காட்டிற்று. பின்னர் மலைபோல் எழுந்து கரைமேற் பாய்ந்தது. நீர் எட்டாத இடங்களில் தீ மூண்டு ஐந்தாறு நாட்கள் எரிந்தது. மாண்டோர் தொகைபற்றிய கணிப்புகள் வேறுபடுகின்றன; 30,000 முதல் 60,000 வரை என்பர் பலர்.

அரண்மனையும், அதனுள் இருந்த எழுபதினாயிரம் நூல்கள் கொண்ட நூல்நிலையமும் அழிந்தன. கடற்பயணங்களைப் பற்றிய ஏடுகள் பல சாம்பலாயின. அவ்வாண்டின் வசந்தத்திலே திறந்துவைக்கப்பட்ட புதிய இசைநாடக அரங்கு ஏழு மாதந்தான் நின்றது. அதிகாலையிலேயே நகரைவிட்டுப் பெலேம் என்னும் புறநகருக்குச் சென்றிருந்ததால் யோசே மன்னன் உயிர் தப்பினான். ஆயினும் கற்கட்டிடத்துள் வாழ அஞ்சி, எஞ்சிய காலத்தைக் கூடாரத்திலும் மரத்தாலான மாளிகையிலும் கழித்தான். ஆற்றங்கரை அரண்மனை மீண்டும் எழவேயில்லை. பெயர் மாத்திரம் மக்கள் நாவில் நின்றுவிட்டது.

இவ்வழிவு ஐரோப்பாவின் சிந்தனையையே அசைத்தது. திருநாளன்று, கோயிலுக்குள் இருந்தவர்மேல் இத்துன்பம் ஏன் வந்தது என்று அறிஞர் கேட்டனர். பிரான்சிய எழுத்தாளர் வோல்தேர் இதுபற்றிக் கவிதை புனைந்தார். இளைஞராயிருந்த ஜேர்மானியத் தத்துவஞானி கான்ற், பூமியதிர்ச்சியின் இயற்கைக் காரணங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். பாவத்துக்குத் தண்டனை என்று போதித்த குருமாரும் பலர்.

பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர்பெற்ற அமைச்சரோ வேறொரு காரியம் செய்தார். நாட்டிலுள்ள கோயிற்பற்றுகள் எல்லாவற்றுக்கும் வினாப்பத்திரம் ஒன்று அனுப்பப்பட்டது. அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? எத்திசையிலிருந்து வந்தது? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? நிலம் எங்கே பிளந்தது? எத்தனை பேர் மாண்டனர்? இவ்வினாக்களுக்கு வந்த விடைகள் இன்றும் நாட்டின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பூமியதிர்ச்சியை முறையாக ஆராயும் முயற்சிகளுக்கு இதுவே ஒரு தொடக்கமெனக் கொள்வர். கடல் ஏறிற்றா, இறங்கிற்றா என்ற வினாவின் பெறுமதியை 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதியைக் கண்ட இலங்கையருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கரையின் சில இடங்களில், பின்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கச் சென்றோர் திரும்பவில்லை. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் ஒரு நகரம் உயிர் கொடுத்துக் கற்ற பாடம், ஏட்டில் இருந்தும் இந்துசமுத்திரக் கரைக்கு வந்து சேரவில்லை.

பொம்பால் மென்மையான மனிதரல்லர். எதிரிகளைக் கொடுமையாகத் தண்டித்தவர். ஆனால் அவர்காலத்து எந்திரிகள் எழுப்பிய புதிய நகர்ப்பகுதி அறிவின் படைப்பு. கோணல் தெருக்கள் இருந்த இடத்தில் நேர்வீதிகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்தன. ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் மரச்சட்டங்களாலான கூண்டு ஒன்று பொருத்தப்பட்டது. நிலம் அசைந்தால் கூண்டும் அசைந்து கொடுக்கும், கட்டிடம் நொறுங்காது. வீதிகளுக்குத் தொழில்களின் பெயர்கள் இடப்பட்டன. பொன் வீதி, வெள்ளி வீதி என்பவற்றின் நடுவே 'சப்பாத்தெய்ரு' வீதி என்று ஒன்றைப் படிக்கும் தமிழ்ப் பயணி சற்றே நின்றுவிடுவார். சப்பாத்துத் தைப்போர் வீதியே அது. உணவுச்சாலைக்குள் நுழைந்தால் வியப்பு இன்னும் வளரும். கதிரையும் மேசையும் யன்னலும் அலுமாரியும் பாணும் அங்கே ஏறத்தாழ அதே பெயர்களுடன் அவரை எதிர்கொள்கின்றன. ஆட்சி போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சொற்கள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன.

புதிய லிஸ்பனையும் பயணி காணாது விடலாகாது. 1755இல் கூரையிழந்த கார்மு ஆலயம், வானமே கூரையாக, நினைவுச் சின்னமாய் நிற்கிறது. அதன் பக்கத்திலுள்ள படைமுகாமிலேதான் 1974 ஏப்ரில் 25ஆம் திகதி, நெடுங்காலச் சர்வாதிகார ஆட்சியின் கடைசித் தலைவர் கயித்தானோ சரணடைந்தார். வீரர்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் செந்நிறக் கார்னேசன் மலர்களைச் செருகினர். 1966இல் திறக்கப்பட்ட பெருந்தொங்குபாலம் சர்வாதிகாரி சலசாரின் பெயரைத் துறந்து அந்நாளின் பெயரைப் பூண்டது. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகள் அடுத்த ஆண்டுக்குள் விடுதலை பெற்றன. நகரின் கிழக்கே, 1998ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கென எழுந்த பகுதியில் பெரியதொரு கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையும், கண்ணாடிக் கூரை வேய்ந்த புகையிரத நிலையமும் உள்ளன. அவ்வாண்டே திறக்கப்பட்ட நீண்ட பாலம், அணுகு பாதைகளோடு சேர்த்து, 17 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அதற்கு வாஸ்கோ ட காமாவின் பெயரே இடப்பட்டது.

இறுதியாக மேற்கே பெலேம் செல்லவேண்டும். பேரதிர்ச்சியில் பெரும்பாலும் தப்பிய பகுதி அது. ஆற்றோரத்துக் கோபுரமும் ஜெரோனிமோஸ் மடாலயமும் 1983ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னங்களாயின. மடாலயத் தூண்களில் கப்பற் கயிறுகளும் கடற்செடிகளும் கல்லிலே முறுக்கேறி நிற்கின்றன. கட்டுவதற்குப் பொருள் தந்தது கீழைத்தேச வாணிபத்தின்மீது, முதன்மையாக மிளகின்மீது, விதித்த இருபதில் ஒரு பங்கு வரி. உள்ளே வாஸ்கோ ட காமாவும், கவிஞர் கமோவென்சும் துயிலும் கல்லறைகள் உள்ளன. அக்கவிஞரின் 1572ஆம் ஆண்டுக் காவியத்தின் முதற்செய்யுளிலேயே தப்ரொபேன் என இலங்கையின் பெயர் வருகிறது. அதனைக் கடந்து சென்றோர் என்பதே அவ்வீரருக்குச் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. கடக்கப்பட்ட கரையில் இருந்தோரைப் பற்றி இக்கற்கள் எதுவும் சொல்வதில்லை.

எனினும் பெலேமிலே ஒரு சிறு சாட்சி உண்டு. 1554ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி லிஸ்பனில் அச்சாகி முடிந்த தமிழ் மறைக்கல்வி நூல் அது. தமிழ் மொழி அச்சேறிய முதல் நூலென்று அறியப்படுவது அதுவே. வின்சென்ற் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலு, தோமா த குரூஸ் எனப் போர்த்துக்கேயப் பெயர் தாங்கிய தமிழர் மூவர் அதனை ஆக்கினர். அதன் படியொன்று, மடாலயத்தின் மேற்குப் பகுதியில் அமைந்த தேசியத் தொல்பொருள் நூதனசாலையின் சேமிப்பைச் சேர்ந்தது. ஈழத்தறிஞர் தனிநாயகம் அடிகள் 1950களில் இந்நூலைப் பற்றி எழுதித் தமிழுலகின் கவனத்தை ஈர்த்தார். நூலின் மொழி தமிழ்; எழுத்தோ உரோம எழுத்து. தமிழெழுத்தில் தமிழ் அச்சாகிய நூல் 1578இல் கொல்லத்திலே வெளிவந்தது.

மிளகும் கறுவாவும் வந்த அதே கடல்வழியில் மூன்று தமிழரும் அவர்தம் மொழியும் வந்து, அயலெழுத்தை உடுத்து, இவ்வூரில் அச்சேறினர். அரண்மனையும் இந்தியா மனையும் நூல்நிலையமும் ஒரு காலைப் பொழுதில் அழிந்தன. அச்சிறு நூல் பிழைத்துக் கிடந்தது. லிஸ்பனின் கோபுரங்களைக் கண்டு வியந்தவர் அதன் இடிபாடுகளுக்காக இரங்கவும் செய்வர். இரண்டையும் செய்த பின்னும், மடாலய வாயிலில் நின்று ஆற்றைத் திரும்பி நோக்கும் தமிழ்ப் பயணிக்கு, அந்நீர் சென்று கலக்கும் கடலின் மறுகோடியில் நல்லூரின் மணியோசை கேட்கும் கரை நினைவுக்கு வராமற் போகாது.