வார்டிலிருந்து வரும் தலைமை

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் தொழிற்சங்கத் தலைவர் என்றால், லேத்தில் நின்ற ஒருவரோ அசெம்பிளி லைனில் நின்ற ஒருவரோதான் நம் நினைவுக்கு வருவார். நைட் டூட்டி முடித்துப் பஸ் ஏறும் நர்ஸ் வரமாட்டார். 1960களில் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்த நாள் முதல், சங்கம் என்பது ஆலைவாசல் சமாசாரமாகவே இங்கே வளர்ந்திருக்கிறது. அடுத்த ஊரான பூந்தமல்லியிலோ, பொது சுகாதார நிறுவனம் தலைமுறை தலைமுறையாகச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வருகிறது. அப்படிப் பயின்று வேலைக்கு வருகிறவர்களில், குறிப்பாக ஒப்பந்தத்திலும் தனியார் மருத்துவமனைகளிலும் இருப்பவர்களில், சங்கத் தலைமையையே தம் வாழ்நாள் பணியாக்கியவர்கள் ஏன் அரிது? சேவை மனப்பான்மை, பெண்களின் தயக்கம், ஷிப்டு அலைச்சல் என்று காரணம் சொல்வது வழக்கம். இவை பாதி உண்மைகூட அல்ல. தலைமை முதிர்வதற்குத் தேவையான காலத்தை வேலை ஒப்பந்தமே அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது என்பதுதான் என் முடிவு.

வெளியாள் தலைமை தாங்கினால் போதாதா என்று கேட்கலாம். 1918 ஏப்ரல் 27இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரான பி.பி. வாடியா பிரம்மஞான சபைக்காரர். துணை நின்ற திரு.வி.க. தமிழாசிரியராக இருந்து பத்திரிகையாளர் ஆனவர். அச்சங்கத்தினர் வேலை செய்த பெரம்பூர் மில்லின் சாப்பாட்டு இடைவேளை போதாது என்பதை உணர, தறியில் நின்றிருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக் குறைகள் அப்படி வெளியே தெரிபவை அல்ல. கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு வரும் கிராம சுகாதார செவிலியர், அதே விவரத்தைப் பதிவேட்டில் ஒருமுறையும் கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி இணையதளத்தில் இன்னொரு முறையும் ஏற்ற வேண்டியிருப்பதை, அந்த வேலையைச் செய்தவரால்தான் கோரிக்கையாக எழுத முடியும். நியூயார்க்கில் 1932இல் ‘1199’ என்ற சங்கத்தைக் கட்டிய லியோன் டேவிஸ் ஒரு மருந்தாளுநர். மருந்துக்கடைப் பணியாளர்களில் தொடங்கி, 1959 வேலைநிறுத்தத்தின் வழியாக மருத்துவமனைச் சமையலறை ஊழியரையும் துப்புரவு ஊழியரையும் சங்கத்துக்குள் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டுக் காலம் அவர் தலைமையில் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் காலத்தைத்தான் நம்மூர் ஏற்பாடு தர மறுக்கிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுத்த செவிலியர்கள், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியம் வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததால், 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். உயர்நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பின் பணிக்குத் திரும்பினார்கள். ஒரு தேர்வால் ஒரே ஆண்டில் வேலைக்கு வந்தவர்கள் அவ்வளவு பேரைத் திரட்டியதே தலைமைத் திறனுக்குச் சான்று. குறைந்தது திறன் அல்ல, நாளை வேலை இருக்கும் என்ற உறுதி. தனியாரில் நிலைமை இன்னும் மோசம். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 2001 திருத்தப்படி, ஓய்வு பெற்றவரும் ஆட்குறைப்புக்கு ஆளானவரும் சங்கப் பொறுப்பில் வெளியாளாகக் கருதப்படவில்லை. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாதது ஆட்குறைப்பே அல்ல என்று தொழில் தகராறு சட்டத்தில் 1984இல் ஒரு விலக்கு நுழைந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. மெமோ வேண்டாம், விசாரணை வேண்டாம். தேதி வந்தால் தலைவர் வெளியாள்.

நோயாளியை விட்டுவிட்டுப் போராடலாமா என்ற ஆட்சேபம் இலேசானது அல்ல. தொழில் தகராறு சட்டமும் மருத்துவமனையைப் பொதுப்பயன் சேவையாக்கி, முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது என்று சொல்ல இடம் வைத்திருந்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று 2003இல் டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. வார்டு காலியாகக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலைநிறுத்தம் ஒன்றே சங்கத்தின் வேலை என்று யார் சொன்னது? அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் குழு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடுதலானால், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. கலிஃபோர்னியாவில் செவிலியர் சங்கம் பல ஆண்டு வலியுறுத்தியதால், 1999இல் செவிலியர்–நோயாளி விகிதச் சட்டம் வந்தது. ரோஸ்டரில் எத்தனை பெயர் என்று சங்கம் பேரம் பேசும்போது நோயாளிக்காகவும் பேசுகிறது.

ஆவடியையே பாருங்கள். 2021இல் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக்கப்பட்டன. வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டமும் வந்தது. கதவடியில் நின்று எதிர்த்தவர்களால் மறுநாளும் உள்ளே போக முடிந்தது, அவர்கள் நிரந்தர ஊழியர்கள் என்பதால். அந்தப் பாதுகாப்பு உள்ள சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவி அறையும் மருத்துவ, செவிலியர் பணியாளரும் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். உங்கள் ஆலையில் அந்த அறையில் இருக்கும் நர்ஸ் யாருடைய ஆள், அவர் ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்று விசாரியுங்கள். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் அவர் பணி நிரந்தரத்தையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். சந்தா ரசீதில் அவர் பெயரையும் எழுதுங்கள்.