பேராதனையில் வழி கேட்டவர்கள்

அம்பிட்டியச் சந்தியில் கண்டி பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு காலைப்பொழுதில் வயதான தாயொருவர் என்னிடம் ஒரு துண்டை நீட்டினார். பக்கத்தில் பத்து வயதுப் பேரன். தாடையின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. "ஐயா, பேராதனைக்குப் போகச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க. அங்க எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டார். துண்டில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளும் பேராதனை என்ற பெயரும் மாத்திரமே இருந்தன. ஓ.எம்.எப். என்பது அந்த மூன்றெழுத்து.

பேராதனைக்கு ஒரே ஆஸ்பத்திரிதானே என்று வெளியூர் வாசகர்கள் நினைக்கக்கூடும். அப்படியல்ல. 1980இல் திறக்கப்பட்ட போதனா வைத்தியசாலை ஒன்று. சிறுவர்களுக்கான சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட வைத்தியசாலை மற்றொன்று. பல்வைத்திய பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை மூன்றாவது. மிருகவைத்திய பீடத்தின் வைத்தியசாலையையும் சேர்த்தால் நான்கு. பேரன் சிறுவன் என்பதால் கிழவி சிறுவர் வைத்தியசாலைக்கே போயிருப்பார். அங்கே வரிசையில் நின்று, முறை வந்த பிறகே இடம் மாறி வந்தது தெரிந்திருக்கும். அந்த மூன்றெழுத்து வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சையைக் குறிப்பது. போகவேண்டிய இடம் பல் வைத்தியசாலை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித்தாள்களில் வேலை செய்தவன் என்ற வகையில் யாரை எங்கே பிடிப்பது என்பது என் தொழிலின் பாதி. அந்தத் தொழில் எனக்குக் கற்பித்தவற்றுள் பேராதனையைப் போலச் சிக்கலான இடம் வேறில்லை. ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அதை அம்பிட்டியவிலிருந்தே தொடங்கலாம். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் விருப்பப்படி இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் குருத்துவ மாணவர்களுக்காக இங்கே ஒரு குருமடம் நிறுவப்பட்டது. பாப்பரசரின் பிரதிநிதியாக இருந்த சலெஸ்கி ஆண்டகை அதற்கு முன்னின்றார். பெல்ஜிய நாட்டு இயேசுசபையினர் கற்பித்தனர். தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்த இளைஞர்கள் இந்தக் குன்றின் மீது இலத்தீனில் பாடம் கேட்டார்கள். 1955இல் அந்தக் குருமடம் பூனாவுக்குப் பெயர்ந்தது. கட்டடங்களில் இன்று இலங்கையின் தேசிய குருமடம் இயங்குகிறது. அங்கே வழி தெரியாமல் தவித்தவர் எவரும் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. வாசலில் போய் நின்றால் உள்ளே இருப்பவரை அழைத்துவர ஒருவர் இருப்பார். பழைய நிறுவனங்கள் பெரும்பாலும் அவ்வாறே கட்டப்பட்டன: ஒரு மதில், ஒரு வாசல், ஒரு காவலாளி.

பேராதனைக்கு மதிலே கிடையாது. அதைத் திட்டமிட்டவர்கள் அறிந்தே அப்படிச் செய்தார்கள். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியையும் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் இணைத்து 1942 ஜூலை முதலாம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் எங்கே அமையவேண்டும் என்ற விவாதம் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் நடந்து, கடைசியில் பேராதனையில் வந்து நின்றது. ஆங்கிலேய நகரத் திட்டமிடலாளர் பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டம் வரைந்தார்கள். கட்டடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷேர்லி டி அல்விஸ். தேயிலைத் தோட்டமாக இருந்த நிலத்தில், ஹந்தானை மலைக்கும் மகாவலி ஆற்றுக்கும் இடையே, கட்டடங்களைச் சிதறவிட்டு நடுவில் புல்வெளியும் மரங்களும் வைத்தார்கள். சுமார் 700 ஹெக்டேயர். பொதுச் சாலையான கலஹா வீதி நடுவே ஓடுகிறது. பஸ்ஸில் போகிறவன் பல்கலைக்கழகத்துக்குள் எப்போது நுழைந்தான், எப்போது வெளியேறினான் என்பது அவனுக்கே தெரியாது.

1952 ஒக்டோபரில் பெரும் இடமாற்றம் நடந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். உலகின் அழகிய பல்கலைக்கழகங்களுள் ஒன்று என்று அந்நாளில் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். மறுக்க மாட்டேன். ஆனால் அழகுக்காகச் சிதறவிடப்பட்ட இடத்தில் வழி கேட்பதற்கு ஒரு வாசல் இல்லாமற்போனதை அந்நாளில் யாரும் எழுதவில்லை. உள்ளே வாழ்பவனுக்காக வரையப்பட்ட திட்டம் அது. இராமநாதன் மண்டபத்திலோ அருணாசலம் மண்டபத்திலோ மூன்று நான்கு ஆண்டுகள் தங்குகிற மாணவனுக்கு வழிகாட்டி தேவையில்லை. ஒரேயொரு நாள் வந்து போகிறவனை அத்திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கில் எடுக்க அன்று காரணமும் இருக்கவில்லை. ஏனெனில் அன்று பேராதனையில் நோயாளர் இல்லை.

மருத்துவ பீடம் கொழும்பிலேயே தங்கிவிட்டது. கற்பிப்பதற்கு நோயாளர் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் பேராதனையில் உருவானபோது மாணவர்கள் உடற்கூற்றியலைப் பேராதனையில் படித்துவிட்டு, நோயாளரைப் பார்ப்பதற்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1967 முதல் 1970 வரை பீடாதிபதியாக இருந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தை நிறுவனம் சூட்டிய வணிகப் பெயரால் அல்லாமல் அதன் இயற்பெயரால் எழுதவேண்டும் என்று வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானவர் அவரே. ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்பட்டால் நோயாளி எதை வாங்குகிறோம் என்று அறியாமல் விலை கொடுப்பான் என்பது அவருடைய கட்சி. பெயர்களைப் பற்றி அவ்வளவு சிந்தித்தவர் நடத்திய பீடம், பின்னாளில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பெயர்களைக் கொண்டதாக ஆகிவிட்டது.

அதன் காரணம் நிருவாகம். மருத்துவ பீடம் பல்கலைக்கழகத்துக்கு உரியது; பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வருவது. வைத்தியசாலை சுகாதார அமைச்சுக்கு உரியது. பேராசிரியர் பீடத்தில் ஒரு துறையின் தலைவர். அவரே வைத்தியசாலையில் பேராசிரியர் பிரிவொன்றின் வைத்திய நிபுணர். துறைக்கு ஒரு தொலைபேசி, பிரிவுக்கு வேறொரு தொலைபேசி. துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதுகிறவர் பதிவாளருக்கோ பீடாதிபதிக்கோ பிரதி அனுப்பவேண்டும். வார்டில் இருக்கும் உறவினரைப் பற்றி முறையிடுகிறவர் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் போகவேண்டும். பேராசிரியர் பிரிவுகள் சில கண்டியில், சில பேராதனையில். இது தெரியாமல் பல்கலைக்கழகத் தொலைபேசிப் பரிமாற்றகத்துக்கு அழைத்து நோயாளியின் நிலையைக் கேட்டவர்களை நான் அறிவேன். நானே இளம் செய்தியாளனாக இருந்தபோது அப்படிக் கேட்டு, மறுமுனையில் ஒரு நீண்ட மௌனத்தைப் பதிலாகப் பெற்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். பேராதனைக்கென்று நான்கு பக்கங்கள். பேராசிரியர்களின் பெயர்களை மேலேயும், அவர்களைக் கண்டுபிடித்துத் தரக்கூடிய பியோன்மார், எழுதுவினைஞர்கள், நூலகத்து உதவியாளர்கள் ஆகியோரின் பெயர்களைக் கீழேயும் எழுதியிருந்தேன். மேலே உள்ளவர்கள் விடுமுறையில் போவார்கள், வெளிநாடு போவார்கள். கீழே உள்ளவர்கள் எப்போதும் இருப்பார்கள். எந்தத் துறை எந்தக் கட்டடத்துக்கு மாறியது, பொறியியல் பீடத்துக்கு ஆற்றைக் கடந்து போக அக்பர் பாலம் கிட்டவா, பஸ் கிட்டவா என்பதெல்லாம் அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

1983இல் அந்தக் குறிப்பேட்டின் பக்கங்கள் மாறின. அவ்வாண்டு மே மாதத்தில் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூலையில் நாடே எரிந்தது. அதன் பின்னர் தமிழ் விரிவுரையாளர் பலர் யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள், பலர் நாட்டைவிட்டே போனார்கள். ஒவ்வோர் எண்ணாகக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். வெட்டாமல் எஞ்சியவை மிகச் சில. தமிழில் பேசி விடயத்தைக் கேட்டறியக்கூடிய ஆட்கள் அந்தப் பக்கங்களிலிருந்து மறைந்தபோது, தோட்டத்திலிருந்து வரும் நோயாளிக்கும் அதே இழப்புத்தான் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. ஆண்டுகள் சென்ற பின்னரே உறைத்தது.

கண்டியைச் சுற்றிலும் தோட்டங்கள். அங்கிருந்து வருபவர்களிற் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் பலகைகளை மாற்றியது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டு பதினாறாம் திருத்தம் நிருவாக மொழி பற்றி விரித்துரைத்தது. சட்டம் வந்த வேகத்தில் பலகை வருவதில்லை. வந்த பலகைகளிலும் தமிழ் எப்படி இருக்கிறது என்பது தனிக் கதை. வார்டு என்றால் தோட்டத்துக் கிழவிக்கும் தெரியும். "விடுதி" என்று எழுதிவிட்டால் அது தங்குமிடமோ என்று தயங்குவாள். "வெளிநோயாளர் பிரிவு" என்ற சொல் இப்போது பழகிவிட்டது. கதிரியக்கவியல், நோயியல், என்பியல் என்று வரும்போது படித்தவரே ஒரு கணம் நின்றுதான் போகிறார்.

இதை எழுதும்போது யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன் நினைவுக்கு வருகிறார். 1847இல் வந்த அவர் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். "இரண வைத்தியம்" போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தபோது சத்திரசிகிச்சைக்காரர் பேசும் சொல்லுக்கும் நோயாளி அறிந்த சொல்லுக்கும் இடையில் அவர் அலைந்திருப்பார். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த இடைவெளி ஒரு பெயர்ப்பலகையின் அளவில் அப்படியே கிடக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பழைய சான்றிதழ்களைத் தேடும் நண்பர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் படித்த இடத்தின் பெயர் நீங்கள் படித்த ஆண்டைப் பொறுத்தது. 1972 வரை அது இலங்கைப் பல்கலைக்கழகம், பேராதனை. பின்னர் ஸ்ரீலங்காப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகம். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகே பேராதனைப் பல்கலைக்கழகம். கடிதத்தில் ஆண்டையும் பீடத்தையும் அன்றைய பெயரையும் எழுதினால் எழுதுவினைஞரின் வேலை பாதியாகும். இன்று அங்கே ஒன்பது பீடங்கள். பீடத்தைக் குறிப்பிடாத கடிதம் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அரச நிறுவனம் எதுவும் பதிலே தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. அதன்படி ஒவ்வொரு பொது அதிகாரசபையும் தகவல் அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும். அவர் 14 வேலைநாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லவேண்டும். அது இலங்கைப் பிரசைகளுக்கு உரிய உரிமை என்பதால், வேறு நாட்டுப் பிரசையாகிவிட்டவர்கள் இங்குள்ள உறவினர் ஒருவரைக் கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

அன்று காலை நான் கிழவியோடு கண்டிவரைக்கும் பஸ்ஸில் போனேன். துண்டின் பின்புறத்தில் "பல் வைத்தியசாலை, பேராதனை" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். கண்டியில் பேராதனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நடத்துனரிடமும் சொல்லிவைத்தேன். இரண்டு கிழமை கழித்து அதே சந்தியில் மறுபடி கண்டேன். பையனுக்கு வீக்கம் வற்றியிருந்தது. துண்டை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டார்களா என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, அத நான் குடுக்கல. எங்க லயத்துல இன்னொரு பிள்ளைக்கும் பல்லு வலி, அதுக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.