தாய்மார்களை மட்டும் எண்ணிய சட்டம்: குழந்தைகள் காப்பகத்தின் இந்திய வரலாறு

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதை நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் அண்மைக்காலச் சிக்கலாகவே நாம் பேசிவருகிறோம். தொழிலாளர் வரலாற்றைப் புரட்டினால் இக்கருத்து நிற்காது. மும்பையின் பருத்தி ஆலைகளிலும் வங்கத்தின் சணல் ஆலைகளிலும் அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் கணவனும் மனைவியும் கூலிக்குச் சென்ற குடும்பங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே ஏராளம். அவர்கள் வேலையில் இருந்தபோது குழந்தை எங்கே இருந்தது? இக்கேள்விக்கு இந்தியச் சட்டங்கள் அளித்த விடைகளை வரிசைப்படுத்திப் படிக்கையில், அவற்றினூடே ஒரு விந்தையான கணக்கு ஓடுவது தெரிகிறது. அதைப் பற்றியதே இக்குறிப்பு.

முதல் விடை சட்டத்திற்கு வெளியே இருந்தது. கைக்குழந்தைக்குச் சிறிது அபின் கொடுத்து உறங்கவைத்துவிட்டு ஆலைக்குச் செல்லும் வழக்கம் மும்பையில் பரவலாக இருந்ததை 1920களின் அரசு மருத்துவ விசாரணைகள் பதிவுசெய்தன. ‘பாலகோலி’ என்ற பெயரில் அபின் கலந்த குளிகைகள் கடைகளிலேயே விற்றன. இதைத் தாய்மாரின் அறியாமை என்று கடந்துவிடுவது எளிது. ஆனால், ஒருவர் கூலியில் குடும்பம் நடவாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. அந்த இடைவெளியைத்தான் குளிகை நிரப்பியது. 1931இல் அறிக்கை அளித்த அரச தொழிலாளர் ஆணையம், பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் காப்பகங்கள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

சட்டம் நுழைந்தபோது அது ஓர் எண்ணுடன் நுழைந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் குழந்தைகளுக்கென ஓர் அறையைக் கோரும் விதிகளை மாகாண அரசுகள் வகுக்கலாம் என்றது 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. வரம்பு அதே ஐம்பதுதான். 1976இல் அது முப்பதாகக் குறைந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் ஐம்பது பெண்கள் என்றது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமும் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் என்றே எழுதியது. எண் மாறினாலும் எண்ணப்படுபவர் மாறவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, பெண் தொழிலாளியின் குழந்தையாக இருந்தால் மட்டுமே சட்டத்தின் கண்ணில் பட்டது. ஈராயிரம் ஆண்களும் முப்பது பெண்களும் பணிபுரிந்த ஆலைக்கு அச்சட்டத்தின்படி காப்பகம் கட்டாயமாக இருக்கவில்லை. அந்த ஈராயிரம் ஆண்களின் குழந்தைகள் கணக்கில் வரவே இல்லை.

இக்கணக்கிற்கு இன்னொரு விளைவும் இருந்தது. முப்பத்தோராவது பெண்ணை வேலைக்கு எடுத்த நாளில்தான் முதலாளிக்குக் காப்பகச் செலவு தொடங்கியது. குழந்தை வளர்ப்பின் செலவைப் பெண்ணின் தலையில் கட்டி, அவளை விலை கூடிய தொழிலாளியாக்கும் ஏற்பாடு இது.

வேறு வழி தெரியாமல் இப்படி எழுதினார்கள் என்றும் சொல்ல இயலாது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்குரியது. ஆகவே அச்சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். 1929இல் நிறைவேறிய சட்டமோ அதை முதலாளியிடம் விட்டது. தொழிற்சாலைகள் சட்டம் வந்த அதே 1948இல் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் வந்தது. அதில் ஆண், பெண் தொழிலாளர் அனைவர் பெயரிலும் திரளும் பொதுநிதியிலிருந்து மகப்பேற்றுப் பயன் வழங்கப்பட்டது. செலவைப் பொதுவாக்கும் வழி கண்முன்னே இருந்தும் காப்பகத்திற்கு அது பயன்படுத்தப்படவில்லை.

எண்ணிக்கைக்குள் அடங்காதவர்களின் கதை தனி. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி தில்லி ராஜ்காட்டில் நடந்த கட்டுமானப் பணியிடத்தில், புழுதியில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்டார் மீரா மகாதேவன். அவர்களுக்காக அங்கே அவர் அமைத்த கூடாரத்திலிருந்து ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு பிறந்தது. வேலையிடம் நகரும்போது காப்பகமும் உடன் நகர வேண்டும் என்பது அதன் எளிய கருத்து. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னோர் அடி முன்னே வைத்தது: பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் இருந்தாலே, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூலியோடு அமர்த்த வேண்டும். எண்ணப்பட்டவர் இங்கே குழந்தை. ஆயினும், தாய்மாருடன் வந்த குழந்தைகளையே அச்சட்டமும் குறித்தது. அமர்த்தப்பட வேண்டியவரும் அப்பெண்களில் ஒருவரே.

2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. இங்கே ‘பெண்கள்’ போய் ‘ஊழியர்கள்’ வந்தது சிறிய மாற்றமல்ல. ஆனால் அடுத்த தொடரிலேயே பழைய கணக்கு திரும்பிவிடுகிறது: நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்திற்குச் சென்றுவரும் உரிமை பெண்ணுக்கு மட்டுமே. தந்தை சென்று பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அவர் செல்லக்கூடும் என்று நினைத்துப் பார்க்கவுமில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். வீட்டின் இந்தப் பங்கீட்டைச் சட்டம் உருவாக்கவில்லை. ஆனால் அதையே இயற்கை எனக் கொண்டு விதிகளை எழுதியது.

நம் வளாகங்களையும் இதே கண்ணால் பார்க்கலாம். முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பை 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் பெண்களுக்கு அளித்தன. அந்நாட்கள் முடிந்த மறுநாள் குழந்தை எங்கே இருக்கும்? உதவித்தொகை பெறும் ஆய்வாளர் பொதுவாக ஊழியராகக் கருதப்படுவதில்லை. ஐம்பது பேர் கணக்கில் அவருக்கு இடமில்லை. ஆய்வாளரான தந்தைக்கோ எந்தக் கணக்கிலும் இடமில்லை.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே சமநிலை காண்பது எப்படி என்ற கேள்வி, கருத்தரங்குகளில் பெரும்பாலும் பெண்களிடமே கேட்கப்படுகிறது. 1934இல் தொடங்கிய அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சிதான் அதுவும். அடுத்த முறை அதே மேடையில் இருக்கும் ஆண் பேராசிரியரிடமும் அக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் தரும் விடையும், விடை சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் இவ்வரலாற்றுக்கு உரிய சான்றுகளே.