அயர்லாந்தின் ஐ.நா. வீரர்கள்: நினைவேந்தலும் நலக்காப்பும்

அயர்லாந்து 1955 டிசம்பரில் ஐ.நா.வில் உறுப்பு நாடானது. மூன்றே ஆண்டுகளில், 1958இல், அந்நாட்டு இராணுவ அதிகாரிகள் சுமார் 50 பேர் ஐ.நா. பார்வையாளர்களாக லெபனானுக்குச் சென்றனர். அன்றிலிருந்து காங்கோ, சைப்ரஸ், சோமாலியா, கிழக்குத் தீமோர், லைபீரியா, கோலான் குன்றுகள் என்று நீலத் தொப்பி அணிந்த ஐரிஷ் வீரர்கள் ஏதாவது ஒரு களத்தில் இருந்துகொண்டே இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணியில் இதுவரை 80க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். இறந்தவர்களுக்கு நாடு உடனே தலைவணங்கியது. உயிரோடு திரும்பியவர்களின் கதை வேறு. தங்களுக்கு உரிய மதிப்பையும் உதவியையும் அவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

1960 ஜூலையில் முதல் படையணி காங்கோவுக்குப் புறப்பட்டது. பூமத்தியரேகை வெயிலுக்குள் அவர்கள் தடித்த கம்பளிச் சீருடையோடும் ஆணியடித்த பூட்ஸோடும் போய் இறங்கினார்கள். வெப்ப நாட்டுக்கான உடையே அன்று அந்த இராணுவத்திடம் இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி நியெம்பா என்ற ஊருக்கு அருகே, லெப்டினன்ட் கெவின் கிளீசன் தலைமையில் ரோந்து சென்ற 11 பேரைப் பலூபா இனப் போராளிகள் வழிமறித்துத் தாக்கினர். ஒன்பது பேர் மாண்டனர். இருவர் மட்டுமே பிழைத்தனர். அந்த ஒன்பது பேரில் ஒருவரான அந்தோணி பிரவுனின் உடல் கிடைப்பதற்கே ஈராண்டு ஆயிற்று. அயர்லாந்தின் உயரிய இராணுவ வீரப் பதக்கம் முதன்முதலில் வழங்கப்பட்டது அவருக்குத்தான். மற்றவர்களுக்கு டப்ளினில் நடந்த இறுதி ஊர்வலத்தைக் காண மக்கள் லட்சக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கிளாஸ்னெவின் கல்லறையில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். நியெம்பா நினைவுநாள் இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் டப்ளினின் கதால் புருகா படைமுகாமில் அனுசரிக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டு நடந்தது இதற்கு நேர்மாறானது. 1961 செப்டம்பரில், காங்கோவிலிருந்து பிரிந்ததாக அறிவித்துக்கொண்ட கட்டாங்கா மாகாணத்தின் ஜடோட்வில் நகருக்கு (இன்றைய லிகாசி) கமாண்டன்ட் பேட் குயின்லன் தலைமையில் 150க்குச் சற்று அதிகமானோர் அனுப்பப்பட்டனர். பெல்ஜியக் குடியேறிகளைப் பாதுகாப்பது அவர்களுடைய வேலை. ஆனால் அந்தக் குடியேறிகளே அவர்களை விரும்பவில்லை. ஏதோ சரியில்லை என்று உணர்ந்த குயின்லன், வந்த கையோடு பதுங்குகுழி தோண்டச் சொன்னார். பலரின் உயிரைக் காத்தது அந்த உத்தரவுதான். 13ஆம் தேதி காலை, பலர் திருப்பலியில் இருந்த வேளையில், கூலிப்படையினர் வழிநடத்திய கட்டாங்கா படை தாக்கியது. எதிரிகள் எண்ணிக்கையில் பல மடங்கு. மேலிருந்து ஒரு ஜெட் விமானம் குண்டு பொழிந்தது. உதவிக்குக் கிளம்பிய படை லுஃபிரா பாலத்தைத் தாண்ட முடியவில்லை. ஹெலிகாப்டரில் வந்த குடிநீரும் பெட்ரோல் நாற்றமடித்து, வாயில் வைக்க முடியாததாக இருந்தது. கடைசித் தோட்டா உள்ளவரை தாக்குப்பிடிப்போம், கொஞ்சம் விஸ்கி கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று குயின்லன் வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பினார். ஐந்தாம் நாள் தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்தபின் அவர் சரணடைந்தார். அவருடைய ஆட்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஒரு தளபதிக்கு இதைவிடப் பெரிய பெருமை இருக்க முடியாது. ஆனால் சரணடைந்தார்கள் என்ற ஒன்றுதான் மேலிடத்தின் கண்ணில் பட்டது. வீரர்கள் பலருக்குக் குயின்லன் பதக்கம் பரிந்துரைத்தார், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. 'ஜடோட்வில் ஜாக்' என்பது படைமுகாம்களில் வசைச்சொல்லானது. பலர் அந்தப் போரைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. குயின்லன் 1997இல் காலமானார். களங்கம் துடைக்கப்பட்டதைப் பார்க்க அவர் இல்லை. போரின்போது 17 வயதுச் சிப்பாயாக இருந்த ஜான் கோர்மன், ஓய்வுபெற்ற பிறகு நியாயம் கேட்டுப் பல ஆண்டுகள் விடாமல் முயன்றார். 2004இல் மறு ஆய்வுக்கு அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஆய்வு வீரர்கள் மீது குற்றமில்லை என்றது. 2005இல் அத்லோனில் உள்ள கஸ்டியூம் படைமுகாமில் நினைவுக்கல் நிறுவப்பட்டது. 2016இல் குயின்லனின் கம்பெனி முழுவதற்கும் பாராட்டுச் சான்று, 2017 டிசம்பரில் தனிப் பதக்கம். அதற்குள் பலர் மறைந்துவிட்டதால், மனைவியரும் பிள்ளைகளும் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள். 56 ஆண்டுத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

1978 முதல் லெபனானே ஐரிஷ் வீரர்களின் நிரந்தரக் களம் போலாகிவிட்டது. அங்கு உயிர்நீத்தோர் 48 பேர். தலைமுறை தலைமுறையாக அதே கிராமங்களில் பணியாற்றியதால் தெற்கு லெபனானின் திப்னின் ஊரோடு உறவே ஏற்பட்டது. அவ்வூர் அநாதை இல்லத்துக்கு வீரர்கள் தங்கள் கைப்பணத்தையும் உழைப்பையும் கொடுத்தார்கள். மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னமும் அங்கேயே நிற்கிறது.

திரும்பி வந்தவர்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு 1990இல்தான் உருவானது. ஐரிஷ் ஐ.நா. முன்னாள் வீரர் சங்கம் என்ற அதை நடத்துபவர்களும் முன்னாள் வீரர்களே. டப்ளினின் ஆர்பர் ஹவுஸ் அதன் தலைமையகம். அதன் நினைவுத் தோட்டத்தில் மலர்வளையம் வைக்கும் சடங்கு நடக்கும். ஐ.நா. பணியில் இருந்த காவல் துறையினரும் சங்கத்தில் சேரலாம். உறுப்பினர் ஒருவர் இறந்தால், தோழர்கள் நீலத் தொப்பியும் பதக்கங்களும் அணிந்து இருபுறமும் அணிவகுத்து நிற்பார்கள். பக்கத்து ஊர்க் கிளைகளிலிருந்தும் ஆள் வரும். ஆனால் சங்கத்தின் முக்கிய வேலை இதற்கு முன்பே நடக்கிறது: தனியாக வாழும் முதியவரைப் போய்ப் பார்ப்பது, பழைய நினைவுகளால் தூக்கம் இழந்தவரை ஆலோசகரிடம் அழைத்துப் போவது. அதே களத்தில் நின்ற ஒருவரிடம்தான் பலர் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

1951இல் தொடங்கிய இன்னொரு முன்னாள் வீரர் அமைப்பு, ஓ.என்.இ., வீடற்ற வீரர்களுக்கு டப்ளின், அத்லோன், லெட்டர்கென்னி முதலிய ஊர்களில் இல்லங்கள் நடத்துகிறது. நாட்டுக்காகக் கடல் கடந்தவருக்குச் சொந்த ஊரில் தங்க இடமில்லை என்பது, எந்த அணிவகுப்பாலும் ஈடுகட்ட முடியாத குறை.

அரசுசார் நினைவேந்தல் பல வடிவங்களில் நடக்கிறது. ஜூலை 11ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, போர்களிலும் ஐ.நா. பணியிலும் மாண்ட ஐரிஷ்காரர்கள் அனைவருக்குமான தேசிய நினைவுநாள். மே 29 ஐ.நா. அமைதிகாப்போர் நாள். டப்ளினின் மெரியன் சதுக்கத்தில், பணியில் இறந்த படையினருக்கான பிரமிடு வடிவ நினைவிடம் 2008இல் திறக்கப்பட்டது. உள்ளே அணையா விளக்கைச் சுற்றி நான்கு வெண்கல வீரர்கள் காவல் நிற்கிறார்கள்.

நினைவேந்தலோடு நீதியும் சேர வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டுவருகின்றன. 1980 ஏப்ரலில் தாமஸ் பாரெட், டெரெக் ஸ்மால்ஹார்ன் என்ற இரு சிப்பாய்கள் லெபனானில் கடத்திக் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் பெய்ரூட் இராணுவ நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது 2020இல், 40 ஆண்டுகள் கழித்து. 2022 டிசம்பர் 14 அன்று லெபனானில் சுட்டுக்கொல்லப்பட்ட சிப்பாய் ஷான் ரூனியின் குடும்பமும் இதே பாதையில் நடக்கிறது.

1981 ஏப்ரலில் காவல்சாவடியிலிருந்து கடத்தப்பட்ட ஆரன் தீவுகளைச் சேர்ந்த கெவின் ஜாய்ஸின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. லெபனானில் உள்ள ஐ.நா. படையின் பணிக்காலத்தை 2026 டிசம்பர் 31உடன் முடிக்க ஐ.நா. பாதுகாப்பு அவை 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது. ஐரிஷ் வீரர்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டால், ஜாய்ஸை யார் தேடுவது என்ற கேள்வி எஞ்சும்.